சென்னையிலிருந்து என் வயிற்றுக்குள் வந்த கைகள்

திண்டுக்கல்லில் மனைவிக்கு வைர மூக்குத்தி போட்டவர்கள் இருக்கிறார்கள். கார் வாங்கிக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கிட்னி கொடுத்தவன். இதைச் சொல்லாமல் எந்தக் கல்யாண வீட்டிலிருந்தும் நான் திரும்பி வந்தது கிடையாது. சமைக்கப் போன இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கொடுத்தவன் சொல்லத்தான் செய்வான்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அரைக்கால் சட்டையோடு தேக்சா கழுவ வந்தேன். ஓர் ஆள் உள்ளே இறங்கி உட்கார்ந்து தேய்க்கிற அளவுக்குப் பெரிய செம்புப் பாத்திரம் அது. உள்ளே உட்கார்ந்து பாடினால் ஊரே பாடுகிற மாதிரிக் கேட்கும். அந்தப் பாத்திரத்துக்குள்ளிருந்து ஏறி அடுப்புக்கு வந்து, அடுப்பிலிருந்து கரண்டிக்கு வந்து, இன்றைக்கு நாகல் நகரில் ஒரு கடை, பைபாஸில் ஒரு கடை, சுற்று வட்டாரக் கல்யாணங்களில் பாதிக்கு என் பிரியாணி. கல்யாணச் சமையல்காரரை எங்கள் ஆட்கள் பண்டாரி என்பார்கள். என்னை அப்படிக் கூப்பிட்ட வாயெல்லாம் இப்போது முதலாளி என்கிறது. ஆனால் பண்டாரி என்று கூப்பிட்டால்தான் நான் திரும்பிப் பார்ப்பேன்.

போன வருடம் வயிற்றில் வாயு என்று ஸ்கேன் எடுக்கப் போனேன். வாயு ஒன்றும் இல்லையாம். என்னிடம் மிச்சமிருந்த ஒரே கிட்னியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது.

மதுரையில் ஒரு பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கட்டி ரத்தக்குழாய்க்குப் பக்கத்துல இருக்கு. கிட்னியோட எடுத்துடறதுதான் பத்திரம்" என்றார். அதை எடுத்தால் என்னிடம் என்ன இருக்கும் என்று கேட்டேன். டயாலிசிஸ் இருக்கும் என்றார். அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நான் கிட்னி கொடுப்பதற்கு முன்னால் என் மனைவி வாரம் மூன்று நாள் அந்த மெஷினில் கிடந்தவள். அவள் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றித் திரும்பி வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். தண்ணீரைக்கூட மூடியில் அளந்து குடிப்பாள். ஊருக்கே சோறு போடுகிறவன் வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் முழுசாகக் குடிக்க முடியாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எங்கிட்ட இருக்கிறத வேணும்னா திருப்பித் தரட்டுமா?"

"ஏ புள்ள, கொடுத்தத வாங்குற பரம்பரையா நாங்க?"

"அதுக்கில்ல. எங்கிட்ட வந்தது நல்லா இருக்கு. உங்ககிட்ட இருந்ததுதான் கெட்டுப்போச்சு. வச்சுக்கத் தெரியணும்ல."

வெங்காயம்தான் கண்ணில் தண்ணீர் வரவைத்தது என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ரோபோ வந்தது. அங்கே இருக்கும் இளம் டாக்டர் எங்கள் தெரு வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கிறிஸ்துமஸ் தவறாமல் அவர்கள் வீட்டுக்கு என் கடைப் பிரியாணிதான் போகும். அவர் என் படத்தைப் பார்த்துவிட்டு, "பாய், இந்தக் கட்டிய மட்டும் சுரண்டி எடுத்துட்டு கிட்னிய விட்டு வைக்க முடியுமான்னு மெஷின் வச்சுப் பாக்கலாம்" என்றார். மெஷினைப் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. கரண்டி வாங்கினாலே வளைத்துப் பார்த்து வாங்குகிறவன்.

கூட்டிப் போய்க் காட்டினார். என் பள்ளித்தோழன் யாராவது அப்போது என்னைப் பார்த்திருந்தால் மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறான் என்று நினைத்திருப்பான். அப்படி வாயைப் பிளந்து நின்றேன். ஒரு கம்பத்தில் நாலு கை. கைக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை மாட்டி, கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி நின்றது. ஒரு கை கேமரா பிடிக்குமாம். மற்ற மூன்றும் வெட்டும், பிடிக்கும், தைக்கும். நுனியில் அரிசி அளவுக்கு ஒரு கத்தரி. அதற்கு ஒரு மணிக்கட்டு. நம் மணிக்கட்டு திரும்பாத பக்கமெல்லாம் அது திரும்பியது. டாக்டர் தம்பி ஒரு திராட்சைப் பழத்தின் தோலை உரித்துக் காட்டி, மறுபடி அந்தத் தோலைப் பழத்தின் மேலேயே வைத்துத் தைத்தும் காட்டினார்.

"தம்பி, எனக்கு இதுல ஒன்னு வேணும்."

"உங்க வயித்துக்குத்தான் பாய் பயன்படுத்தப் போறோம்."

"வயித்துக்கு இல்ல. கடைக்கு. ரெண்டு கை கிண்டும், ஒரு கை வெங்காயம் அரியும், ஒரு கை கல்லாவப் பாத்துக்கும்."

என் மகள் கூட வந்திருந்தாள். நான் படிக்காததையெல்லாம் சேர்த்துப் படித்தவள். "அத்தா, செத்த நேரம் சும்மா இருங்க" என்று முழங்கையால் இடித்தாள். நான் எப்படிச் சும்மா இருக்க முடியும்? இன்னும் என்னவெல்லாம் வரும் என்று டாக்டர் தம்பியை விடாமல் கேட்டேன். அவரும் ஆசையாகச் சொன்னார். தையல் போடுவதைத் தானாகவே செய்கிற மெஷின் வரப் போகிறதாம், டாக்டர் பக்கத்தில் இருந்து மேற்பார்வை பார்த்தால் போதுமாம். கட்டி எது, நல்ல சதை எது என்று நிறம் பிரித்துக் காட்டுகிற கண் வருமாம். இப்போது உள்ள மெஷினில் பார்க்கத்தான் முடியும், தொட்டால் மெத்தென்று இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியாது, அதையும் விரலுக்குக் கொண்டுவரப் போகிறார்களாம். பிறகு ஒரு நாள் அரிசிப் பருக்கை அளவில் ஒரு ரோபோ ரத்தக்குழாய்க்குள்ளேயே நீந்திப் போய் வேலையை முடித்துவிட்டு வருமாம்.

"முடிச்சதும் எந்த வழியா வெளிய வரும்?" என்று கேட்டேன்.

டாக்டர் தம்பி சிரித்தார். "அதத்தான் பாய் இன்னும் யோசிச்சுட்டு இருக்காங்க."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கட்டி வந்ததே இதையெல்லாம் பார்க்கத்தானோ என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். மெஷினை ஓட்டுகிறவர் எங்கே உட்காருவார்?

"சென்னையில."

"நான் எங்க படுப்பேன்?"

"இங்க."

"சென்னையிலேர்ந்து எப்ப வருவாரு?"

"வர மாட்டாங்க பாய். அங்க ஒரு மேடம். இந்த மாதிரி கிட்னி கேஸ்ல பேர் எடுத்தவங்க. அங்க உக்காந்து கைய அசைப்பாங்க, இங்க மெஷின் அசையும். நான் உங்க பக்கத்துலயே இருப்பேன். லைன்ல கோளாறுன்னா நான் எடுத்துக்குவேன்."

மகள் முகம் வெளுத்துவிட்டது. என் முகம் மலர்ந்துவிட்டது. ஏனென்றால் இந்த வித்தையை எங்கள் ஊரில் முதலில் செய்தவன் நான்.

நம்ப மாட்டார்கள், சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரே முகூர்த்தத்தில் எனக்கு இரண்டு கல்யாணம். ஒன்று நாகல் நகரில், இன்னொன்று எரியோட்டில். எரியோட்டுக்கு என் ஆட்களை அனுப்பிவிட்டு நான் இங்கே நின்றேன். அங்கே அரிசி போடுகிற நேரம் வந்ததும் அவர்களுக்குத் தைரியம் போதவில்லை. போன் போட்டார்கள். "போனைத் தேக்சாகிட்ட கொண்டு போங்கடா" என்றேன். கொதிக்கிற சத்தத்தைக் கேட்டேன். தண்ணீர் கூடுதல், இன்னும் கொஞ்சம் வற்றட்டும் என்றேன். மறுபடி கேட்டேன். இப்போது போடு என்றேன். தம் எப்போது பிரிக்க வேண்டும் என்பதையும் இங்கிருந்தே சொன்னேன். எரியோட்டுக்காரர்கள் இன்றைக்கும் அந்தப் பிரியாணியைப் பேசுகிறார்கள். சென்னை அம்மா செய்வதும் இதுதான். அவருக்குத் திரை இருக்கிறது, எனக்கு அதுவும் இல்லை.

இதை மகளிடம் சொன்னேன்.

"அத்தா, அது ஆட்டுக்கறி. இது நீங்க."

"ரெண்டும் கறிதானம்மா."

அப்படிச் சொல்லிவிட்டாலும் ஒரு சங்கடம் மனதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பயம் இல்லை, தொழில் சங்கடம். அதைச் சொல்ல வேண்டுமானால் என் அடுப்பின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் விருந்தில் சகன் என்று ஒரு பெரிய தட்டு உண்டு. நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். என் சமையலில் தம் பிரித்ததும் முதல் சகன் மாப்பிள்ளைக்கும் போகாது, பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கும் போகாது. அடுப்பில் நின்றவர்களுக்குத்தான். பசித்த கை அவசரப்படும். தட்டில் கறியை அள்ளிக் கொட்டும், அடி சோற்றைக் கிளறி உடைக்கும். ஆரம்பத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரர், "மாப்ள வீட்டு ஆளுங்க உக்காந்திருக்காங்க, சமையக்காரனுக்கா மொதல்ல?" என்று கத்தினார். நான் மூடியின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். சூடு தாங்க முடியவில்லை, அது வேறு கதை. எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து இது சட்டம். என் காரியத்தில் கை வைக்கிறவர் யாராக இருந்தாலும் என் சோற்றைத் தின்றுவிட்டுத்தான் வைக்க வேண்டும். வீடு கட்டியபோது கொத்தனாருக்கும் அதுதான், மகள் கல்யாணத்தில் வீடியோ எடுத்தவருக்கும் அதுதான்.

டாக்டர் தம்பிக்கும் தியேட்டர் ஆட்களுக்கும் போட்டுவிடலாம். உண்மையில் கை வைக்கப் போகிற அம்மா சென்னையில் இருக்கிறாரே. அவருக்கு யார் போடுவது?

ஆப்ரேஷனுக்கு முன்னால் அந்த அம்மா திரையில் என்னோடு பேசினார். நடுத்தர வயசு, முகத்தில் எண்ணெய் வடியாத ஆள், நறுக்கென்று பேச்சு. ரத்தத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் கட்டியை வெட்ட வேண்டும், அதிக நேரம் நிறுத்தினால் கிட்னி செத்துவிடும், அதற்குள் வெட்டித் தைத்துத் திறந்துவிட வேண்டும் என்று விளக்கினார்.

"எல்லாம் சரிம்மா. கிட்னியக் காப்பாத்திருவீங்கல்ல?"

"முயற்சி பண்றேன். உள்ள போய்ப் பாத்தாதான் தெரியும். முடியலன்னா எடுத்துத்தான் ஆகணும்."

இப்படி ஒரு பதிலை நான் வாங்கிப் பழக்கமில்லை. இரண்டு கடைக்கு முதலாளி ஆனவனிடம் எல்லோரும் 'கவலையே படாதீங்க' என்றுதான் பேசுவார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு என் சட்டத்தைச் சொன்னேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நான் சாப்பிட்டுட்டுத்தான் வேலைக்கு வருவேன்" என்றார் அந்த அம்மா.

"அது உங்க வீட்டுச் சோறும்மா. எங்க வீட்டுச் சோத்தத் தின்னாத்தான் நான் படுப்பேன்."

லைன் போய்விட்டதோ என்று டாக்டர் தம்பி பார்த்தார்.

"மட்டன்தானே?" என்றார் அந்த அம்மா.

"மட்டன்தாம்மா. சீரகச் சம்பா."

"அனுப்புங்க."

ஆப்ரேஷனுக்கு முந்தின நாள். எனக்கு அன்று முழுதும் தண்ணீர் ஆகாரம்தான், வயிற்றைச் சுத்தப்படுத்த மருந்தும் கொடுத்திருந்தார்கள். மத்தியானம் வந்து சேரச் சொன்னார்கள். காலையில் வெளிச்சம் வந்ததும் கடைக்குப் போய் ஆட்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லிவிட்டு நானே அடுப்பில் நின்றேன். தேக்சா வேண்டாம், கொஞ்சம் பேருக்குத்தானே என்று ஒரு சின்னச் சட்டி. உப்பு மட்டும் என் கடையில் வேறு யாரும் தொட முடியாது. வழக்கமாகக் குழம்பை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத்தான் அரிசி போடுவேன். அன்றைக்கு நக்கக் கூடாது. கடையில் சமைக்கிற மாஸ்டர், "மொதலாளி, நான் பாக்கட்டுமா?" என்று பணிவாகக் கேட்டார். "என் உப்பப் பாக்க இன்னொருத்தன் நாக்கா?" என்றேன். கை அளவில் போட்டேன். கை போதாதா எனக்கு?

தம் பிரித்ததும் என் மனைவிக்கு மட்டும் ஒரு கரண்டி கொடுத்தேன். கிட்னி வைத்த நாளிலிருந்து உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவள். கடைப் பிரியாணியை வாயில் வைத்ததும் தண்ணீர் கேட்பாள். அன்றைக்கு மென்றாள், விழுங்கினாள், இன்னொரு கரண்டி கேட்டாள்.

"இம்புட்டு வருசத்துல இன்னைக்குத்தாங்க உங்க பிரியாணி எனக்குச் சரியா இருக்கு."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

சென்னைக்குக் கொண்டு போக ஆள் தயாராக இருந்தார். நிலக்கோட்டையில் பூக்கடை வைத்திருக்கிறவர், முறை இல்லாவிட்டாலும் எங்களுக்குள் மாமா, மாப்ளதான். அவரிடம் பூ வாங்குகிற சென்னைக்காரர் வீட்டில் விசேஷம், அதற்கு விமானத்தில் போகிறார். முதல் தடவை. பூ வண்டியிலேயே மதுரை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் என் கடைக்கு வந்தார்.

"மாமா, பின்னாடி பூராம் மல்லி. ஐஸ் போட்டு வச்சிருக்கேன். உம்ம டப்பாவ அங்க வச்சா பூ வெந்துரும்."

"அப்ப முன்னாடி வை."

"முன்னாடி டிரைவரும் நானும்."

"மடியில வச்சுக்க மாப்ள. புள்ளையத் தூக்கிட்டுப் போற மாதிரி."

"எம்புள்ளையவே நான் தூக்குனது இல்ல, உம்ம பிரியாணியத் தூக்கணுமா?" என்று அலுத்துக்கொண்டே சூட்டு டப்பாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். விமான நிலையத்திலிருந்து போன். சோதனைக்காரர்கள் டப்பாவைத் திறக்கச் சொன்னார்களாம்.

"தொறந்தேன் மாமா. வரிசையில நின்ன அத்தன பேரும் திரும்பிப் பாத்தான். என்னன்னு கேட்டாங்க. நாளைக்கு ஆப்ரேசன் பண்ற டாக்டருக்குன்னேன். யாருக்கு ஆப்ரேசன்னாங்க. பிரியாணி செஞ்சவருக்குன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு விட்டுட்டாங்க."

சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மகளின் போனுக்கு ஒரு படம் வந்தது. காலித் தட்டு. பக்கத்தில் எலும்பு. அந்த அம்மா சாப்பிட்டுவிட்டார். இங்கேயும் டாக்டர் தம்பி, மயக்க டாக்டர், நர்ஸ் பிள்ளைகள் என்று எல்லோருக்கும் சகன் வைத்தாயிற்று. ஒவ்வொருவராக வந்து "சூப்பர் பாய்", "சூப்பர் ஐயா" என்றார்கள். நான் குளுகோஸ் குழாயோடு படுத்துக்கொண்டு ராஜா மாதிரி கையைத் தூக்கித் தூக்கி ஏற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தள்ளிக்கொண்டு போனார்கள். என் மனைவி கூடவே நடந்து வந்தாள். கதவில் நின்று, "அதக் கெடுத்துட்டு வந்துறாதீங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே ரெண்டுதான் இருக்கு" என்றாள்.

உள்ளே நாலு கையும் என் மேலே குடை மாதிரி விரிந்து நின்றன. குளிர். சுவரில் பெரிய திரையில் சென்னை அம்மாவின் நெற்றி மட்டும் தெரிந்தது. கண்ணை ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார்.

"காலை வணக்கம் ஐயா. தயாரா?"

"நான் தயார்மா. உங்க கை எங்க, ஆட்டுங்க பாப்போம்."

என் தலைக்கு மேலே ஒரு கை மெல்ல இடது பக்கம் திரும்பி, வலது பக்கம் திரும்பி நின்றது. சென்னையிலிருந்து எனக்குக் கை ஆட்டினார்கள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. சிரித்துக்கொண்டேதான் மயக்கத்துக்குள் போனேன்.

விழித்தபோது வாயெல்லாம் பஞ்சு. டாக்டர் தம்பியின் முகம். "சூப்பரா முடிஞ்சுது பாய். கிட்னி உள்ளயே இருக்கு." நர்ஸ் பிள்ளை, "சூப்பர் ஐயா" என்றது. மகளும் "எல்லாம் நல்லா முடிஞ்சுதுத்தா" என்றாள்.

கட்டிலுக்குக் கீழே ஒரு பை தொங்கியது. சிறுநீர் வந்து விழுகிற பை. நான் கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம், அதுவும் கலங்கலாக. மனைவி மெஷினில் கிடந்த காலத்தில் இப்படித்தான் அந்தக் குழாயைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். முதலில் அப்படித்தான் இருக்கும், ரத்தத்தை நிறுத்தி வைத்த கிட்னி முழிக்க நேரம் ஆகும் என்றார்கள். எல்லோரும் சிரித்த முகமாகச் சொன்னார்கள்.

அந்தச் சிரித்த முகம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. சமைத்தவன் முகத்துக்கு நேராக எவனும் உண்மை பேச மாட்டான். எனக்குத் தெரியாதா? நான் கரண்டியோடு நிற்கும்போது பிரமாதம் என்பான், வெளியே போய் வெற்றிலைக் கடையில் நின்று அரிசி குழைந்துவிட்டது என்பான். என்னிடமும் அதைத்தான் செய்கிறார்கள். கிட்னி செத்துவிட்டது, கிழவனுக்கு மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். என் மனைவியின் மணிக்கட்டைப் பார்த்தேன். மெஷினுக்காக நரம்பைச் சேர்த்துத் தைத்த இடம் இன்னும் புடைத்திருக்கிறது. என் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டேன்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள்.

"ஒன்னுமில்ல."

"பேசாம படுங்க. அதுவே வரும்."

அவளும் அவர்களோடு சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஒரு தள்ளு கம்பத்தில் திரையை மாட்டி உள்ளே கொண்டு வந்தார்கள். சென்னை அம்மா. இப்போது முழு முகம் தெரிந்தது. மனைவி, மகள், டாக்டர் தம்பி, மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கிட்னியைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். தைரியம் வரவில்லை. என் வாய் தனக்குப் பழகிய கேள்வியைக் கேட்டுவிட்டது.

"பிரியாணி எப்படிம்மா இருந்துச்சு?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"கறி நல்லா வெந்திருந்துச்சு. எதனாலயோ மல்லிப்பூ வாசம் வந்துச்சு, அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. உப்பு இல்ல."

"என்ன?"

"உப்பு. ரொம்பக் கம்மி. நான் ஊறுகாய் வச்சுத்தான் சாப்பிட்டேன்."

இத்தனை வருடத்தில் என் முகத்தைப் பார்த்து இதைச் சொன்னவர் கிடையாது. நான் டாக்டர் தம்பியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். மகளைப் பார்த்தேன்.

"ஆமாத்தா. நாங்களும் சொல்லலாம்னுதான்…"

"பாய், கொஞ்சம் கம்மிதான்" என்றார் டாக்டர் தம்பி. "நர்ஸுங்க கேன்டீன்ல உப்பு வாங்கிட்டு வந்தாங்க."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "அதான் எனக்குச் சரியா இருந்துச்சா?" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்த நிமிஷத்தில் ஒன்று புரிந்துவிட்டது. பண்டாரி முகத்துக்கு நேராக உப்பு இல்லை என்று சொல்கிற வாய், வேறு எதற்காகவும் பொய் சொல்லாது. முடியலன்னா எடுத்துத்தான் ஆகணும் என்று அன்றைக்கே சொன்ன வாய்தானே இது.

"அப்ப கிட்னிம்மா?"

"கிட்னி நல்லா இருக்கு. கட்டி முழுசா வந்துடுச்சு. ரத்தத்த நிறுத்தினப்போ வெளுத்துப் போச்சு. தைச்சுட்டுத் திறந்துவிட்டேன். கண்ணு முன்னாடியே சிவந்துச்சு. நானே பாத்தேன்."

"சிவந்துச்சா?"

"நல்லா சிவந்துச்சு. பை நாளைக்கு நிறையும். இல்லன்னா நானே சொல்றேன், வேற யாரையும் கேக்காதீங்க."

சிரிக்கத் தொடங்கினேன். வயிற்றில் போட்ட ஓட்டையெல்லாம் வலித்தது. டாக்டர் தம்பி, "சிரிக்காதீங்க பாய், தையல் பிரிஞ்சுரும்" என்று என் தோளைப் பிடித்தார். எப்படி நிறுத்துவது? என் மனைவி வேறு அந்தப் பக்கம் நிறுத்தாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் இருக்கிற என் கிட்னியும் எனக்குள் இருக்கிற என் கிட்னியும் சேர்ந்து குலுங்கின. சென்னையில் அந்த அம்மாவும் சிரித்திருக்க வேண்டும், திரை ஆடியது.

மறுநாள் காலையில் பை நிறைந்துவிட்டது. நல்ல இள மஞ்சள். நான் அதைப் படம் எடுத்து அந்த அம்மாவுக்கு அனுப்பச் சொன்னேன். மகள் முடியவே முடியாது என்றாள். நர்ஸ் பிள்ளையிடம் கெஞ்சி அனுப்பினேன். பதில் வந்தது: "இது சரியா இருக்கு."

அன்றைக்கு உப்பு எப்படிக் குறைந்தது என்பதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. விமானத்தில் அம்புட்டு உயரத்தில் போனால் உப்பு குறையத்தான் செய்யும். திண்டுக்கல்லிலேயே தின்றவர்களுக்கும் கம்மியாக இருந்ததே என்று என் மனைவி கேட்பாள். அது அவர்கள் நாக்கு. அவள் வேறு ஒரு காரணம் வைத்திருக்கிறாள். "ஒத்தக் கிட்னியும் போயிருமோன்னு பயந்த கை. அள்ளுன உப்ப விடாமப் புடிச்சுக்கிருச்சு" என்பாள். நான் பயந்தேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

டாக்டர் தம்பி ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் வைத்து, ரோபோவைப் பற்றிப் பேச அந்த அம்மாவை நேரிலேயே கூப்பிட்டிருக்கிறார். விரலுக்குத் தொடு உணர்ச்சி தெரிகிற புது மெஷினைக் காட்டப் போகிறார்களாம். மேடையில் நோயாளி சார்பில் பேச நான். என்ன பேச வேண்டும் என்று மகள் எழுதிக் கொடுத்தாள், எரியோட்டுக் கதை அதில் இல்லை, நான் சேர்த்துக்கொள்வேன். சாப்பாடு என் அடுப்பு. தேக்சா ஈயம் பூசி வந்துவிட்டது. முதல் சகன் அந்த அம்மாவுக்கு. குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்க மாஸ்டரையும் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். ஒரே ஒரு சொட்டுதான்.